நந்தனவனப் பணியும் நாட்டுச் செடிகளும்

சைவ நன்மக்களிடையே இக்காலத்து எழும் வினாக்களுள் ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றாம். நாட்டுப்புறத்து இளைஞரைக் கூட்டி, அவ்வந் நிலத்துக்குரிய செடிகொடிகளை நட்டு வளர்க்கப் பயிற்றி, அவ்வாயிலாக நிலத்தையும் நீரையும் காக்கும் அறிவை அவர்க்கு ஊட்டும் பணி பல இடங்களிலும் நிகழ்ந்து வருகின்றது. பள்ளிகள் செய்கின்றன, அரசினர் செய்கின்றனர், தன்னார்வக் குழுவினர் செய்கின்றனர். மடாலயங்களும் திருக்கோயில்களும் இதனிடைத் தலையிடுதல் தகுமா? இஃது உலகியலின்பாற்பட்ட நற்செயலாகிய பசுபுண்ணியம் மாத்திரமேயன்றோ? சிவபுண்ணியத்துக்கென அமைந்த பொருளையும் காலத்தையும் இதிற் செலவிடல் முறையோ? இங்ஙனம் வினவுவோரை இகழ்ந்து தள்ளுதல் எளிது. ஆயின் அவருட் பலர் சாத்திரம் பயின்றவர். அவர்தம் ஐயம் பொருளுடையது. ஆகலின் விடையும் சாத்திர நெறியிலேயே நிற்றல் வேண்டும்.

பசுபுண்ணியம் சிவபுண்ணியம் என்னும் பாகுபாடு செயலின் வடிவு பற்றி எழுந்ததன்று. செய்வோன் எதனைச் சார்ந்து நின்று செய்கின்றான் என்பது பற்றி எழுந்தது. ஒருவன் ஒரு மகிழங்கன்றுக்கு நீர் வார்க்கின்றான். நிழல் கருதி வார்ப்பின் ஒன்று. புகழ் கருதி வார்ப்பின் ஒன்று. இறைவன் திருமுடிக்கு மலர் வேண்டி வார்ப்பின் பிறிதொன்று. குடமும் நீரும் கன்றும் ஒன்றே. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது ஆகலின், சார்பு மாறவே வினையின் பயனும் மாறுகின்றது. சிவஞானசித்தியாரின் எட்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர் தாதமார்க்கத்துச் செயல்களைத் தொகுத்துக் கூறுமிடத்து, திருக்கோயில் அலகிடல், மெழுகல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடல் என்பனவற்றோடு நந்தனவனஞ் செய்தலையும் உடன்வைத்து ஓதினர். தோட்டப்பணி சரியையுள் ஒன்று என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

அற்றேல், நந்தனவனமாவது பூசைக்கு வேண்டும் பூவைத் தரும் சோலையன்றோ? கடற்கரை மணலிற் படரும் இராவணன் மீசைப் புல்லும், உப்பங்கழிச் சேற்றில் நிற்கும் கண்டலும் எத்திருமுடியை அணிசெய்கின்றன? அவற்றை வளர்த்தல் எங்ஙனம் திருத்தொண்டாகும் எனின், கூறுதும். நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டனையும் இறைவனுக்குத் திருமேனியாகக் கொள்ளுதல் நம் மரபு. அதனைத் துதி பாடுமளவில் நிறுத்தி, நிலம் உப்புறவும் நீர் நஞ்சாகவும் வாளா பார்த்திருப்போமாயின், அட்டமூர்த்தம் என்னும் கொள்கை நம் நாவில் மட்டுமே உளதாயிற்று. மணல் அலைந்து போகாதவாறு பற்றி நிறுத்தும் புல்லும், கரை அரிபடாதவாறு காக்கும் கண்டலும், எவரும் ஏவாமலே அத்திருமேனிக்குத் தொண்டு பூண்டு நிற்கின்றன. அத்தொண்டரைப் பேணுதலும் தொண்டேயாம்.

அன்றியும், செடி என்பது வெறுஞ் சடமன்று. தொல்காப்பியர் மரபியலிற் புல்லையும் மரத்தையும் உற்றறிதல் ஒன்றேயுடைய ஓரறிவுயிர் என வகுத்தார். எழுவகைப் பிறப்பினுள் தாவரமும் ஒன்று என்பது எல்லோரும் அறிந்தது. மலத்தால் மிகவும் மறைப்புண்டு, தன் கன்மத்துக்கு ஈடாக அவ்வுடம்பைப் பெற்று, நம்மைப் போலவே வீடு நோக்கி நகரும் ஓர் உயிரின் இல்லம் அது. யாமும் அவ்வழியாகவே வந்தோம் என்பதை மணிவாசகர் சிவபுராணத்திற் பிறவிகளை எண்ணிக் காட்டும்போது முதற்கண் வைத்தது தாவரத்தையேயாம்.

பூவின் அழகே அளவையாயின், தில்லை மரம் நம் சமயத்தில் எவ்விடத்தும் பேசப்பட்டிராது. அதன் பூ கண்ணைக் கவர்வதன்று. அதன் பால் கண்ணிற்பட்டாற் பார்வையைக் கெடுக்கும் என்று அஞ்சி மரம் வெட்டுவோரும் விலகுவர். உவர்நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டு இனங்களுள் அஃது ஒன்று. அத்தகைய மரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது, 'கோயில்' என்று சொன்ன அளவில் சைவர் உள்ளத்தில் எழும் திருப்பதி. இன்று அம்மரம் செறிந்த காட்டைக் காண விழைவோர் பிச்சாவரத்துக் கழிகளுக்குச் செல்லல் வேண்டும். தொண்டைநாட்டிலும் இவ்வாறே. திருமயிலைக்குப் புன்னை, திருவான்மியூர்க்கு வன்னி, திருவேற்காட்டுக்கு வெள்வேல், வடதிருமுல்லைவாயிலுக்கு முல்லை, திருப்பனங்காட்டுக்குப் பனை எனத் தலவிருட்சங்களை எண்ணிப் பார்ப்பின், அவையெல்லாம் அவ்வந் நிலத்துத் தாமே தோன்றி வளரும் மரஞ்செடிகளாயிருத்தல் புலப்படும். நம் முன்னோர் தொலைவிடத்து அரிய மரத்தைத் தேடிக் கொணர்ந்து தலமரமாக்கினாரல்லர். நின்ற மரத்தடியில் இறைவனைக் கண்டனர்.

இனி, வடசென்னைக் கடற்கரையை நோக்குவாம். இராயபுரம் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஈறாகவுள்ள நிலப்பகுதி இன்று துறைமுகங்களும், இருப்புப்பாதைகளும், எண்ணெய்க் கலன்களும், அனல்மின் நிலையங்களும், உரத்தொழிற்சாலைகளும் நெருங்கிய இடம். மணலியில் 1960-களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது; எண்ணூரில் 1970-இல் அனல்மின் நிலையமும், 2001-இற் புதிய துறைமுகமும் எழுந்தன; அவ்வனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பெற்றது. இவற்றின் நடுவே ஆதிபுரீசர் திருக்கோயில் விளங்குகின்றது. புற்று வடிவினராகிய அப்பெருமானின் திருமேனியைக் கவசமின்றிக் காணுதல் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்களில் மட்டுமே கூடும். மண்ணே திருமேனியாய் நிற்கும் தலம் அது. சுற்றுமுள்ள மண்ணின் நிலையை நினைக்குந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது.

அத்தலத்து மரம் மகிழ். சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுற்றது அதன் நிழலில். சந்நிதியிற் சூளுரைக்கும் போழ்து இறைவன் மகிழின்கீழ் அமர்ந்திருத்தல் வேண்டுமென நாயனார் வேண்டியதும், இறைவன் அதற்கிசைந்து, பின்னர்ச் சங்கிலியாரிடம் மகிழின்கீழேயே சூள் கொள்ளுமாறு உணர்த்தியதும், சூள் பிழைத்து ஊரெல்லை கடந்தவுடன் நாயனார் கண்ணொளி இழந்ததும் பெரியபுராணம் பயின்றார் அறிவர். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடைபெறுகின்றது. மரத்தின்முன் சொன்ன சொல் இறைவன்முன் சொன்ன சொல் என்பது அவ்வரலாற்றின் கருத்துக்களுள் ஒன்று. இக்காலத்து மரம் நடு விழாக்களை நினைக்கும்போது இஃது எமக்கு அடிக்கடி நினைவில் எழுகின்றது. கன்றை நட்டு, உறுதிமொழி கூறி, படம் பிடித்துக்கொண்டு அகல்கின்றனர். ஒரு திங்கள் சென்றபின் அவ்வழியே சென்று பார்ப்பார் இலர். அவ்விழாவிற் கைகட்டி நின்ற சிறுவன் கற்றுக்கொண்டது மரம் வளர்க்கும் கலையன்று. சூள் பிழைக்கும் கலை.

அங்ஙனமாயின் எவ்வாறு கற்பித்தல் வேண்டும்? ஈண்டும் சித்தாந்தமே நமக்கு வழிகாட்டுகின்றது. ஆன்மா தானே அறியும் ஆற்றலுடையதன்று, அறிவிக்க அறிவது. அறிவிக்கும் இறைவனோ, பொருளைக் காட்டுவதோடு நின்றுவிடாது, உயிரோடு உடனாய் நின்று தானும் காண்கின்றான். முன்னதைக் காட்டும் உபகாரம் என்றும், பின்னதைக் காணும் உபகாரம் என்றும் நூலோர் வழங்குவர். ஞாயிறு கண்ணுக்குப் பொருளை விளக்கும். ஆயின் கண் காணும்படி உயிர் உடனின்று காணாவிடின் காட்சி நிகழாது என்பர். ஆசிரியத் தொழிலுக்கு இதனினும் நுண்ணிய இலக்கணத்தை யாம் எங்கும் கண்டிலேம். பெயர்ப்பலகை தொங்கும் தோட்டத்தினூடே மாணாக்கரை வரிசையாக நடத்திச் செல்பவர் காட்டுகின்றார். மாணாக்கனோடு சேற்றில் இறங்கி, அவன் காணும்போது தாமும் காண்பவரே ஆசிரியர்.

அவ்வாசிரியர் எண்ணூர்க் கழியில் இறங்குவாராயின், மாணாக்கனிடமே பாடங் கேட்கவும் நேரும். அங்குள்ள குப்பங்களின் சிறுவர், எவ்விடத்துச் சேற்றைக் கையால் துழாவினால் இறால் அகப்படும், எம்மரத்தின் வேர்ப்புறத்தில் நண்டு ஒதுங்கும் என்பனவற்றைத் தம் தந்தையரிடம் பயின்றவர். அவர்கள் அறியாதது அவ்வறிவின் காரணத்தை. வெண்கண்டலின் இலையொன்றைப் பறித்து நாவில் வைக்கச் சொன்னால் உப்புக் கரிக்கும்; வேர் உறிஞ்சிய உப்பை இலைவழி வெளியேற்றும் திறம் அம்மரத்துக்கு உண்டு. அதன் அடியைச் சுற்றிச் சேற்றினின்று விரல்போல் மேனோக்கி எழுந்து நிற்பன அதன் மூச்சு வேர்கள். காற்றில்லாச் சேற்றினுள் புதைந்த வேருக்கு அவை காற்றூட்டுகின்றன. இவ்விரண்டனையும் கண்ட சிறுவன், பின்னர் அவ்வேர்களின்மேல் எண்ணெய் படிந்திருத்தலைக் காண்பானாயின், மரம் மூச்சு முட்டி நிற்கின்றது என்று பிறர் சொல்லாமலே உணர்வான். இவ்வுணர்ச்சி நூறு சொற்பொழிவாற் பிறவாது.

தோட்டம் அமைக்கும் முறைக்கும் நம் நூல்களிலேயே துணையுண்டு. திருப்புகலூரில் முருக நாயனார் வைகறையில் எழுந்து கொய்த மலர்களைச் சேக்கிழார் கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என நால்வகைப்படுத்தினர். இப்பாகுபாட்டைக் கொண்டே ஒரு பாத்தி வகுக்கலாம். வடசென்னைக் கடற்கரைக்குக் கோட்டுப்பூவிற் புன்னையும் மகிழும் பூவரசும், கொடிப்பூவில் முல்லையும், மணற்குன்றுகளிற் படரும் அடம்பும், நிலப்பூவில் தும்பை, நீர்ப்பூவில் ஆம்பலும் நெய்தலும் பொருந்தும். நீர்ப்பூ வேண்டுமெனில் குளம் வேண்டும். குளம் வேண்டுமெனில் அதற்கு நீர் வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று தேடல் வேண்டும். நான்கு பூவைத் தேடப் புகுந்த சிறுவன் ஊரின் நீர்வழிகளையெல்லாம் அளந்து வந்துவிடுவான். புன்னையின் விதையை ஆட்டிய எண்ணெய் முன்னாளில் விளக்கெரிக்கப் பயன்பட்டது. திருவொற்றியூர்ச் செக்கர் குலத்துக் கலிய நாயனார் எண்ணெய்க்குப் பொருளின்மையால் தம் குருதியையே நிறைத்து விளக்கெரிக்கத் துணிந்த வரலாற்றை, ஒரு கைப்பிடிப் புன்னை விதையை முன்வைத்துச் சொல்லின், கதையும் மரமும் ஒருங்கே நெஞ்சிற் பதியும்.

இவ்விடத்து ஒரு தடை எழும். நாட்டுச் செடி, அயற்செடி என்று பிரித்தல் பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பதாகாதோ? இது நுண்ணிய தடை. விரைந்து விடை கூறலாகாது. நம் சிவாலயங்கள் பலவற்றில் நாகலிங்க மரம் போற்றப்படுகின்றது. அதன் மலரிற் சிவலிங்கமும் அதன்மேற் கவிந்த நாகமும் காண்கின்றோம். அம்மரமோ தென்னமெரிக்காவில் தோன்றியது. அயலிடத்துப் பிறந்ததென்று அதனை எவரும் விலக்கிற்றிலர், விலக்குதலும் வேண்டா. அன்பினால் வந்தாரைப் பிறப்பு நோக்காது ஏற்றுக்கொண்ட அடியார் வரலாறுகளையுடைய சமயம் நம்முடையது. சீமைக்கருவேலமும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்ததே. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டிற் புகுந்தது. அதனை நாம் விலக்கக் கருதுதல் அதன் பிறப்புப் பற்றியன்று, ஒழுக்கம் பற்றி. தான் நின்ற இடத்துப் பிறிதொன்றை நிற்கவொட்டாது ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் கவர்ந்து பரவுகின்றது. 2017-இல் அதனை அகற்றுதல் பற்றி உயர்நீதிமன்றத்தில் வழக்கு நிகழ்ந்ததும், பின்னர் 2022-இல் இத்தகைய செடிகளைக் குறித்துத் தமிழ்நாட்டரசு தனிக் கொள்கை வகுத்ததும் பலரும் அறிந்தனவே.

அதுவும் ஓருயிரன்றோ, அதனை வேரோடு பறித்தல் கொலையன்றோ என்பார்க்கு, திருவள்ளுவர் கொடியோரை வேந்தன் ஒறுத்தலை உழவன் களைகட்டலோடு ஒப்பிட்டதை நினைவூட்டுவோம். அறக்கருணையோடு மறக்கருணையும் இறைவன்பால் உண்டு. எனினும் இவ்விடையினால் நாம் முற்றும் மனநிறைவு எய்துகின்றிலேம். பறிக்கும் கையில் வெறுப்பு இருத்தலாகாது. சிறுவர்க்கு ஒரு செடியைப் பகையாகக் காட்டி, அதனை வெட்டுதலை விளையாட்டாக்குதல் தீய பயிற்சி; இன்று செடியை வெறுக்கப் பழகிய மனம் நாளை எதனை வெறுக்கும் என்று யார் கூறவல்லார்? மேலும், அச்செடியே பல ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பு விறகாகவும் கரியாகவும் உதவுகின்றது. அவர்க்கு வேறு வழி காட்டாது அதனை அகற்றுதல் அறமாகாது.

இதுகாறும் கூறியவற்றினும் வன்மையான தடையொன்றுண்டு. அதற்கு விடை கூறாது இக்கட்டுரையை முடித்தல் நேர்மையன்று. எண்ணூரில் நாட்டுச் செடி நடுதலாற் பயன் என்னை? 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள் துறைமுகத்துக்கு அணித்தே இரு கப்பல்கள் மோதியதனாற் கொட்டிய எண்ணெய் எண்ணூர், திருவொற்றியூர்க் கரைகளிற் சேறுபோல் ஒதுங்கிற்று; மீனவரும் இளைஞரும் வாளியால் அள்ளி அதனை அகற்றினர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுதும் பரவி, வலையையும் படகையும் கண்டலையும் கரியாக்கிற்று. அத்திங்களின் இறுதியிலேயே அம்மோனியா வாயு கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடு விட்டு ஓட நேர்ந்தது. அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் கொசத்தலையாற்றின் முகத்துவாரத்திற் படிந்து நீரோட்டத்தைக் குறைத்தது. நீறு என்றால் நெற்றியிலிடும் நமக்கு, உயிரைப் போக்கும் நீறும் உண்டு என்பது அங்கே புலனாகின்றது. பெரியோர் இவ்வாறு செய்துவைத்த கேட்டினை நீக்கச் சிறுவர் கையில் ஒரு கன்றையும் பூவாளியையும் கொடுத்தல் ஏளனமன்றோ? தம் பொறுப்பைக் குழந்தையின் தலையில் ஏற்றுதலன்றோ?

ஆம், அக்கன்று பரிகாரமாகக் கருதப்படின் ஏளனமே. நூறு ஏக்கர்க் கழியை மண்ணிட்டு மூடிவிட்டு நூறு கன்று நடுவார்க்கு, அக்கன்று ஆணவத்தின் போர்வையாகின்றது. ஆணவமலத்தின் தொழில் மறைத்தல். அதனை உடையார்க்கே அது தோன்றாது என்பர். பெருநகர் தன் விளக்கை எரிக்கும் நெருப்பின் சாம்பல் எங்கே போகின்றது என்பதைத் தன் கண்ணுக்கே மறைத்துக்கொள்கின்றது. ஆகலின் தோட்டத்தின் பயன் கேட்டினை ஈடுசெய்தலன்று, மறைப்பை நீக்குதல். கண்டலின் மூச்சு வேரைத் தொட்டுப் பார்த்தவனிடம், கழி வெறும் பாழ்நிலம், எதற்கும் உதவாதது என்று பின்னாளில் எந்த அதிகாரியும் கூறி நம்பவைத்தல் அரிது. அவன் முதிர்ந்து மன்றிற் பேசும்போதோ, தொழிற்சாலையிற் பணிபுரியும்போதோ, அக்காட்சி அவனுக்குச் சான்றாய் நிற்கும். இவ்வளவும் செய்யாத தோட்டத்தை யாம் பரிந்துரையோம்.

இது கூடாததன்று. சென்னையின் தென்பகுதியில், குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கர் நிலம் சீர்திருத்தப்பெற்று, நாட்டு மரங்கள் நடப்பெற்று, 2011-இல் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரால் திறக்கப்பட்டது. பள்ளி மாணாக்கர் அங்கு வந்து பயில்கின்றனர். அப்பணியிற் பங்குகொண்டவர் ஆரோவிலைச் சார்ந்த பிச்சாண்டிக்குளத்தார். மரக்காணத்தை அடுத்த நடுக்குப்பத்தில் நாட்டுப்புறச் சிறுவர்க்கும் இக்கல்வியை அளித்து வருகின்றனர். சோழமண்டலக் கடற்கரைக்கேயுரிய உலர் பசுமைமாறாக் காட்டின் இனங்களாகிய வீரை, உலக்கைப்பாலை, காயா முதலியவற்றை மீட்க முயன்றோர்க்கு விதை எங்கிருந்து கிடைத்தது என்பது நம்மனோர் கருதத்தக்கது. வேறெங்கும் அழிந்தொழிந்த அவை, புத்துப்பட்டு ஐயனார் கோயிற் காடு போன்ற தெய்வச் சோலைகளில் எஞ்சி நின்றன. கத்தி படலாகாது என்னும் ஊராரின் அச்சமும் அன்பும் காத்த விதைகள் அவை.

அரசியற் சட்டத்தில் 1976-இற் சேர்க்கப்பெற்ற குடிமக்கள் கடமைகளுள் இயற்கையைக் காத்தலும் உயிர்களிடத்து இரக்கமும் எண்ணப்பட்டன. 1991-இல் உச்சநீதிமன்றம் இக்கல்வியைப் பள்ளிகளிற் கட்டாயமாக்கப் பணித்தது. 2001 முதல் தேசியப் பசுமைப் படையும் பள்ளிகளில் இயங்குகின்றது. இவை நன்று. ஆயின் பாடத்திட்டம் பாடத்தைத் தரும். சார்பைத் தருதல் அதற்கு இயலாது. அச்சார்பு நம்மிடம் உளது, நிலமும் உளது. எத்தனையோ திருக்கோயில்களின் நந்தனவனங்கள் முள்மண்டிக் கிடக்க, சந்நிதிக்கு மாலை கடைவீதியினின்று வருகின்றது. அந்நிலங்களை மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காட்டுப் பக்கத்து ஊர்ச் சிறுவர்க்கும் எண்ணூர்க் குப்பத்துச் சிறுவர்க்கும் திறந்துவிடுதல் மடாலயத்தார்க்குப் பெரும் பொருட்செலவன்று. வருவோரின் குலமும் சமயமும் வினவுதல் வேண்டா. திருமுறை பாடினாற்றான் நீர்க்குடம் தருவோம் என்றலும் வேண்டா. மகிழம்பூவின் மணம் அப்பணியைத் தானே செய்யும்.

தொடங்குதற்குரிய காலமும் அணித்தே. ஆடி ஆவணியில் வீழும் பனம்பழங்களைப் பொறுக்கிக் கொட்டைகளைச் சேர்த்துவைத்துப் புரட்டாசியில் ஊன்றிவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழை அவற்றைப் பார்த்துக்கொள்ளும். மகிழுக்கும் புன்னைக்கும் முதல் இரு கோடைகளிலாவது குடத்தால் நீர் வார்க்கும் ஆள் வேண்டும். அவ்வாளின் பெயரை நடும் நாளிலேயே குறித்துவைத்தல் நலம். பனை பயன்தரப் பல்லாண்டு செல்லும். இன்று ஊன்றும் சிறுவன் தன் பிள்ளையை அழைத்து வந்தன்றி அதன் நுங்கைக் காண்பது அரிது.